ஹைன்ரிக் ஹெர்ட்ஸ்: நூலறிவும் கைத்திறனும்

முன்னுரை

நூலைக் கற்றோர் கருவியைத் தொடுவதில்லை. கருவியைத் தொட்டோர் நூலைக் கற்பதில்லை. நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வரும் குறை இது. கல்லூரியில் பயிலும் மகன் சுத்தியலைக் கையில் எடுத்தால் பெற்றோர் முகம் சுளிக்கின்றனர். பட்டறையில் உழைக்கும் மகன் நூலொன்றைப் புரட்டினால், இவனுக்கு இது எதற்கு என்று சுற்றத்தார் கேட்கின்றனர். அறிவும் கையும் இவ்வாறு பிரிந்து கிடப்பதால் இழப்பு இரு சாராருக்கும் உண்டு. இவ்விரண்டையும் தம்முள் ஒன்றாக்கிக் கொண்டு, முப்பத்தாறு ஆண்டுகளே வாழ்ந்து, உலகின் போக்கை மாற்றிச் சென்ற ஒருவரின் வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. அவர் ஜெர்மானிய அறிவியலறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ்.

வானொலி, தொலைக்காட்சி, கைபேசி, செயற்கைக்கோள் ஆகிய அனைத்தும் கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகளால் இயங்குவன. அவ்வலைகளை வெளியில் செலுத்தவும் வெளியிலிருந்து பெறவும் பயன்படுவது ஆண்டெனா. ஏரியல் என்று வீடுகளில் வழங்குவதும் இதனையே. மாதிரி விமானங்களைத் தரையில் நின்றபடியே தொலைவில் பறக்கவிட்டு மகிழும் ஆர்வலர் பலர், தமக்கு வேண்டிய ஆண்டெனாவை இன்று வீட்டிலேயே இரு கம்பித் துண்டுகளைக் கொண்டு செய்து கொள்கின்றனர். அவ்வெளிய கருவியின் முதல் வடிவத்தைத் தம் கையால் சமைத்தவர் ஹெர்ட்ஸ். கருவியின் இயல்பை அறிந்தால் அவர்தம் பெருமை விளங்கும். அவர் வாழ்வை அறிந்தால் கருவியின் இயல்பு விளங்கும்.

பிறப்பும் இளமையும்

வட ஜெர்மனியின் துறைமுக நகரமாகிய ஹாம்பர்கில் 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் ஹெர்ட்ஸ் பிறந்தார். தந்தை குஸ்டாவ் ஹெர்ட்ஸ் வழக்கறிஞர். பின்னாளில் அந்நகர ஆட்சி மன்றத்தின் உறுப்பினராகவும் உயர்ந்தவர். தாய் அன்னா எலிசபெத், மருத்துவர் ஒருவரின் மகள். ஐந்து மக்களுள் ஹைன்ரிக்கே மூத்தவர். தந்தை வழி முன்னோர் யூதர்கள். பாட்டனார் காலத்திலேயே அக்குடும்பம் கிறித்தவ சமயத்தைத் தழுவிவிட்டது. இச்செய்தியை ஈண்டுக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. அது பின்னர்ப் புலப்படும்.

வசதி மிக்க குடும்பம். பிள்ளைகள் கையழுக்குப் படாமல் வளர்ந்திருக்கலாம். ஆனால் ஹெர்ட்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பள்ளிக்குச் சென்று வரைபடக் கலை பயின்றார். தச்சு வேலை கற்றார். கடைசல்காரர் ஒருவரிடம் மரத்தையும் உலோகத்தையும் கடையும் தொழிலைப் பயின்றார். வீட்டிலேயே தச்சு மேசையும் கடைசல் பொறியும் அமைத்துக் கொண்டு, இயற்பியல் கருவிகள் சிலவற்றைத் தாமே செய்தார். பல்லாண்டுகளுக்குப் பின்னர் ஹெர்ட்ஸ் பேராசிரியர் ஆகிவிட்டார் என்று கேள்வியுற்ற அக்கடைசல் ஆசிரியர் மகிழவில்லையாம். தலைசிறந்த கடைசல்காரராக வந்திருக்க வேண்டியவர் இப்படிப் போய்விட்டாரே என்று வருந்தினாராம். வேடிக்கையாகத் தோன்றும் இச்செய்தி, ஹெர்ட்ஸின் கைத்திறன் எத்தகையது என்பதற்கு நற்சான்று.

மொழியறிவிலும் அவர் பின்தங்கவில்லை. கிரேக்கமும் இலத்தீனும் அந்நாளையப் பள்ளிக் கல்வியில் அமைந்தவை. அவற்றோடு நில்லாமல் அரபு மொழியையும் ஹெர்ட்ஸ் விரும்பிக் கற்றார். அவருக்கு அரபு கற்பித்த பேராசிரியர், இம்மாணவனைக் கீழ்த்திசை மொழிகளின் ஆய்வுக்கே விட்டுவிட வேண்டும் என்று தந்தையிடம் வற்புறுத்தும் அளவுக்கு அவருடைய தேர்ச்சி இருந்தது. அரபும் தமிழும் ஒருசேரப் பயிலும் மாணவர் நிறைந்த நம் கல்லூரிக்கு இச்செய்தி மகிழ்வளிக்கும் என்பதில் ஐயமில்லை. மொழி பயின்ற நாவும் உளி பிடித்த கையும் ஒருவரிடத்தே அமைந்திருந்தன.

தந்தைக்கு ஒரு மடல்

1875இல் பள்ளிப் படிப்பை முடித்த ஹெர்ட்ஸ், கட்டடப் பொறியாளர் ஆவதென்று முடிவு செய்து ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் ஓராண்டு பயிற்சி பெற்றார். பின்னர் டிரெஸ்டன் தொழிற்கல்லூரியில் சிறிது காலம் பயின்றார். கட்டாய இராணுவப் பணியாக இரயில்வே படைப் பிரிவில் பெர்லினில் ஓராண்டைக் கழித்தார். 1877இல் பொறியியல் கல்வியைத் தொடர மியூனிக் நகரம் வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் உள்ளத்தில் ஒரு போராட்டம் எழுந்தது. பொறியியல் வருவாய் தரும்; வாழ்க்கைக்கு உறுதி தரும். இயற்பியலோ உள்ளத்தைக் கவர்ந்தது. ஆனால் அதில் வெற்றி பெறுவார் சிலரே. இருபது வயது இளைஞர் அவ்வாண்டு நவம்பரில் தந்தைக்கு நீண்ட மடல் ஒன்று வரைந்தார். தம் உள்ளம் இயற்கை அறிவியலையே நாடுகின்றது என்பதை மறைக்காமல் எழுதி, தந்தையின் இசைவை வேண்டினார். வழக்கறிஞரான தந்தை இசைந்தார். மகனின் விருப்பத்தைக் காது கொடுத்துக் கேட்ட அத்தந்தைக்கும் உலகம் கடமைப்பட்டுள்ளது எனலாம். இன்று எந்தப் பாடத்தில் சேர்வது என்று தயங்கி நிற்கும் மாணவரும், அவர்தம் பெற்றோரும் எண்ணிப் பார்க்கத் தக்க நிகழ்ச்சி இது.

ஆசிரியரும் மாணவரும்

1878இல் ஹெர்ட்ஸ் பெர்லின் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கே ஹெல்ம்ஹோல்ட்ஸ், கிர்க்காஃப் என்னும் இரு பேரறிஞர்கள் இயற்பியல் கற்பித்து வந்தனர். ஹெல்ம்ஹோல்ட்ஸ் இவருடைய திறனை உடனே கண்டுகொண்டார். பல்கலைக்கழகம் அறிவித்திருந்த பரிசு வினா ஒன்றுக்கு விடை காணும் ஆய்வில் இவரை ஈடுபடுத்தினார். மறு ஆண்டிலேயே அப்பரிசு இவருக்குக் கிட்டியது. 1880இல், இருபத்து மூன்றாம் வயதில், ஹெர்ட்ஸ் முனைவர் பட்டம் பெற்று ஹெல்ம்ஹோல்ட்ஸின் உதவியாளராகவும் ஆனார்.

அக்காலத்தில் இயற்பியல் உலகை ஒரு பெருவினா கலக்கிக் கொண்டிருந்தது. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் மாக்ஸ்வெல் 1860களில் ஒரு கோட்பாட்டை வெளியிட்டிருந்தார். மின்சாரமும் காந்தமும் இணைந்து அலையாக வெளியில் பரவும். அவ்வலையின் வேகம் ஒளியின் வேகமே. ஒளியும் அத்தகைய அலைதான் என்பது அக்கோட்பாடு. கணிதத்தால் அது அழகியது. ஆனால் அவ்வலையை எவரும் கண்டதில்லை. மாக்ஸ்வெல் 1879இல் தம் நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். தம் கோட்பாடு மெய்ப்பிக்கப்படுவதைக் காண அவர் உயிரோடு இல்லை.

அதே 1879இல் பெர்லின் அறிவியல் கழகம் மாக்ஸ்வெல் கோட்பாட்டின் ஒரு கூறினைச் சோதனையால் ஆராய்வோர்க்குப் பரிசு அறிவித்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதனையும் தம் மாணவர் எடுத்துக் கொள்ள வேண்டும் என விரும்பினார். ஹெர்ட்ஸ் கணக்கிட்டுப் பார்த்தார். அந்நாளில் கிடைத்த கருவிகளைக் கொண்டு அவ்விளைவைக் காண இயலாது என்று தோன்றவே, அப்பணியை ஏற்கவில்லை. ஆயினும் வினாவை அவர் மறக்கவில்லை. தக்க கருவி கைக்கு வரும்வரை அது அவர் நெஞ்சில் உறங்காமல் கிடந்தது.

கார்ல்ஸ்ரூ நகரின் விரிவுரை மண்டபம்

1883 முதல் கீல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றிய ஹெர்ட்ஸ், 1885இல் கார்ல்ஸ்ரூ தொழிற்கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் மகளான எலிசபெத் டோல் என்னும் மங்கையை 1886 ஜூலையில் மணந்தார். யோஹன்னா, மத்தில்டே என இரு பெண் மக்கள் பிறந்தனர்.

திருமணம் நடந்த அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி. கல்லூரியின் கருவி அறையில் பழைய கம்பிச் சுருள்கள் இரண்டு இருந்தன. மாணவர்க்குச் செய்முறை காட்டுவதற்காக அவற்றை எடுத்த ஹெர்ட்ஸ், ஒரு சுருளில் சிறு மின்பொறி பாயும்போது, அதனோடு இணைக்கப்படாத மற்றச் சுருளிலும் பொறி எழுவதைக் கண்டார். வேறொருவர் இதனைப் பொருட்படுத்தாமல் பாடத்தைத் தொடர்ந்திருப்பார். ஏழாண்டுகளாக நெஞ்சில் கிடந்த வினாவுக்கு விடை காணும் கருவி கைக்கு வந்துவிட்டது என்பதை ஹெர்ட்ஸ் உணர்ந்தார்.

அடுத்து அவர் செய்த கருவி வியப்பூட்டும் எளிமை வாய்ந்தது. ஒரு நேரான செம்புக் கம்பியை நடுவில் துண்டித்துச் சிறு இடைவெளி விட்டார். கம்பியின் இரு கோடிகளிலும் துத்தநாகத் தகட்டாலான, 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டைகளைப் பொருத்தினார். தூண்டு சுருளிலிருந்து மின்னழுத்தம் பாய்ந்ததும் நடு இடைவெளியில் பொறி பறந்தது. பொறி பறக்கும் அந்நொடியில் மின்னூட்டம் ஊசல் போலக் கம்பியின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் விநாடிக்குப் பல கோடிக்கணக்கான முறை ஓடியாடியது. அவ்வாட்டமே அலையை வெளியில் எறிந்தது. இருபுறமும் சமமாக நீளும் இரு கைகளை உடைய இவ்வமைப்பையே இருமுனை ஆண்டெனா என்று இன்று அழைக்கின்றோம். உலகின் முதல் ஆண்டெனா அதுவே.

அலையைப் பெறும் கருவி அதனினும் எளியது. வட்டமாக வளைத்த ஒரு கம்பி. அதன் முனைகளுக்கிடையே திருகாணியால் கூட்டவும் குறைக்கவும் கூடிய நுண்ணிய இடைவெளி. அலை வந்து தாக்கினால் அவ்விடைவெளியில் மின்பொறி எழும். அதன் நீளமோ ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான். இருட்டறையில் கண்களைப் பழக்கிக் கொண்டு, நாள்தோறும் மணிக்கணக்கில் அப்பொறியைத் தேடிக் குறிப்பெடுத்தார் ஹெர்ட்ஸ்.

பொறியை நன்கு காண வேண்டி அவர் பெறும் கருவியை இருண்ட பெட்டிக்குள் வைத்தபோது பொறி சிறுத்துவிட்டது. அதனையும் அவர் விடவில்லை. கண்ணாடியை இடையில் வைத்தால் பொறி சிறுக்கின்றது, படிகக் கல்லை வைத்தால் சிறுப்பதில்லை என்பதை ஆராய்ந்து, புற ஊதாக் கதிரே இதற்குக் காரணம் என்று 1887இல் வெளியிட்டார். ஒளிமின் விளைவு என்று பின்னர்ப் பெயர் பெற்றது இதுவே. இதற்கு 1905இல் விளக்கம் தந்த ஐன்ஸ்டைன், அதன் பொருட்டு 1921ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். தேடிச் சென்றது ஒன்று. வழியில் கிடைத்தது மற்றொன்று. தடையாக வந்ததைத் தள்ளிவிடாமல் உற்று நோக்கியதன் பயன் அது.

அலையே ஒளி, ஒளியே அலை

கம்பியிலிருந்து ஏதோ ஒன்று பரவுகின்றது என்று காட்டினால் மட்டும் போதாது. அது அலைதான் என்று நிறுவ வேண்டும். கல்லூரியின் விரிவுரை மண்டபம் 15 மீட்டர் நீளமுடையது. அதன் ஒரு சுவரில் 4 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் உள்ள துத்தநாகத் தகட்டைப் பொருத்தினார் ஹெர்ட்ஸ். செல்லும் அலையும் தகட்டில் மோதித் திரும்பும் அலையும் கலந்தால், சில இடங்களில் விசை மிகுந்தும் சில இடங்களில் அற்றும் நிலையான அலை தோன்ற வேண்டும். வட்டக் கம்பியைக் கையிலேந்தி மண்டபம் முழுதும் நடந்து, பொறி எங்கே வலுக்கின்றது, எங்கே மறைகின்றது என்று அளந்தார். கணக்கு எதிர்பார்த்தபடியே இடம்விட்டு இடம் பொறி மறைந்தது. அலைநீளம் அளவிடப்பட்டது.

பின்னர் அலைநீளத்தை 66 செ.மீ. அளவுக்குக் குறைத்தார். 26 செ.மீ. நீளமுள்ள பித்தளைத் தண்டை நடுவில் பிளந்து ஆண்டெனாவாக்கினார். 2 மீட்டர் உயரமுள்ள துத்தநாகத் தகட்டை மரச் சட்டத்தில் வளைத்து, குழிவான எதிரொளிப்பான் செய்து, தண்டினை அதன் குவியத்தில் நிறுத்தினார். அதே போன்ற மற்றோர் எதிரொளிப்பானைப் பெறும் பக்கத்தில் அமைத்தார். தச்சரிடமும் கடைசல்காரரிடமும் இளமையில் பயின்ற தொழில், பேராசிரியரான பின்னர் இவ்வாறு கைகொடுத்தது.

ஒளி நேர்கோட்டில் செல்லும். இவ்வலையும் நேர்கோட்டிலேயே சென்றது. ஒளி கண்ணாடியில் திரும்பும். இது தகட்டில் திரும்பியது. ஒளி முப்பட்டகத்தில் வளையும். இதற்கோ ஏறத்தாழ 600 கிலோ எடையுள்ள கீல் முப்பட்டகம் ஒன்றை, ஆள் உயரத்திற்கு, 1.5 மீட்டர் அளவில் வார்த்தார் ஹெர்ட்ஸ். அலை அதனுள் புகுந்து வளைந்தே வெளிப்பட்டது. மூடிய மரக் கதவைக் கடந்து அடுத்த அறையிலும் பொறியை எழுப்பியது. ஒரு கருவியை நேராக நிறுத்தி, மற்றதைக் கிடையாகத் திருப்பியவுடன் பொறி முற்றிலும் மறைந்தது. இவ்வாறு தளவிளைவும் உறுதியாயிற்று. 1888 டிசம்பர் 13ஆம் நாள் இம்முடிவுகள் பெர்லின் அறிவியல் கழகத்தின் முன் வைக்கப்பட்டன. மாக்ஸ்வெல்லின் கோட்பாடு மெய்யாயிற்று.

பிழையை ஒப்பிய பெருமை

வெற்றி பெற்றோர் தம் பிழைகளை மறைப்பதே உலக வழக்கு. ஹெர்ட்ஸ் அவ்வழக்கிற்கு மாறானவர். தொடக்கக் கட்டுரையொன்றில் அலைவின் காலத்தைக் கணக்கிடுவதில் அவர் பிழை செய்திருந்தார். பிரெஞ்சுக் கணித அறிஞர் புவான்காரே அதனைச் சுட்டிக் காட்டினார். கம்பியின் வழியே செல்லும் அலைக்கும் காற்றில் செல்லும் அலைக்கும் வேகம் வேறுபடும் என்று தோன்றிய அவருடைய அளவீடும் பின்னர்த் தவறென விளங்கியது. இரண்டும் ஒரே வேகத்தில் செல்வதை ஜெனீவா அறிஞர்கள் பெரியதொரு கூடத்தில் சோதித்து நிறுவினர்.

1892இல் தம் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கிய ஹெர்ட்ஸ், அவற்றைத் திருத்தி மெருகூட்டவில்லை. எழுதியவாறே அச்சிட்டார். நீண்ட முன்னுரை ஒன்றில், எங்கெங்கே தடுமாறினார், எவர் எதனைத் திருத்தினார், எந்தக் கண்டுபிடிப்பு தற்செயலாக வாய்த்தது என்பனவற்றை எல்லாம் வெளிப்படையாக எழுதினார். ஆய்வு நெறி பயிலும் மாணவர் அனைவரும் போற்றத்தக்க பண்பு இது. அளவீட்டில் பிழை நேர்வது கையின் இயல்பு. அதனை ஒப்புவது உள்ளத்தின் உயர்வு.

இறுதி நாட்கள்

புகழ் பரவியது. அமெரிக்காவிலிருந்தும் பெர்லினிலிருந்தும் அழைப்புகள் வந்தன. ஹெர்ட்ஸ் 1889இல் அமைதி நிறைந்த பான் நகரப் பல்கலைக்கழகத்தையே தேர்ந்தார். 1890இல் இலண்டன் அரச கழகம் ரம்ஃபோர்டு பதக்கம் வழங்கியது.

1892 முதல் நோய் அவரை வாட்டத் தொடங்கியது. மூக்கிலும் காதிலும் தொடங்கிய வேதனைக்கு அறுவை மருத்துவங்கள் பல செய்தும் குணமாகவில்லை. அந்நிலையிலும் இயந்திரவியலின் அடிப்படைகளைப் பற்றி ஒரு நூலை எழுதி முடித்தார். 1893 டிசம்பர் 7ஆம் நாள் வகுப்பெடுத்தார். அதுவே கடைசி வகுப்பு. இரு நாட்கள் கழித்துப் பெற்றோர்க்கு ஒரு மடல் எழுதினார். தமக்கு ஏதேனும் நேர்ந்தால் வருந்த வேண்டா என்றும், குறுகிய காலமே வாழ்ந்தாலும் போதிய அளவு வாழ்ந்தோர் வரிசையில் தம்மைச் சேர்த்து எண்ணிச் சிறிது பெருமை கொள்ள வேண்டும் என்றும் அம்மடலில் ஆறுதல் கூறியிருந்தார். 1894ஆம் ஆண்டின் முதல் நாளில், குருதி நச்சுற்றமையால் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தாறு. மூத்த மகளுக்கு ஆறு வயது; இளையவளுக்கு மூன்று வயது நிறையவில்லை. இயந்திரவியல் நூல், ஆசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் முன்னுரையோடு மாணவர் மறைந்த பின்னரே வெளிவந்தது. அவ்வாண்டே ஆசிரியரும் மறைந்தார்.

விதைத்தவரும் விளைவும்

தம் அலைகளால் செய்தி அனுப்பலாம் என்று ஹெர்ட்ஸ் எண்ணியதாகத் தெரியவில்லை. 1889இல் பொறியாளர் ஒருவர் தொலைபேசிச் செய்தியைக் கம்பியின்றி அனுப்ப இயலுமா என்று கேட்டதற்கு, அத்தகைய மெதுவான அலைவுக்குக் கண்டம் அளவான எதிரொளிப்பான் வேண்டியிருக்கும் என்று பதில் எழுதினார். இயற்கையின் உண்மையை அறிவதே அவர் நோக்கம். காப்புரிமை எதனையும் அவர் நாடவில்லை.

அவர் மறைந்த 1894ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் அவ்வலைகளைப் பலர் காணச் செய்து காட்டினார். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் அளவுள்ள நுண்ணலைகளை உண்டாக்கி 1895இல் பொதுமக்கள் முன் காட்டினார். இத்தாலியில் இருபது வயது இளைஞர் மார்க்கோனி, ஹெர்ட்ஸின் சோதனைகளைப் பற்றிப் படித்ததும் செய்தி அனுப்பும் முயற்சியில் இறங்கி, 1901இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து செய்தியைப் பெற்றார். 1898இல் நியூயார்க்கில் டெஸ்லா, ஆளில்லாத சிறு படகொன்றை அலைகளால் இயக்கிக் காட்டினார். தொலைவிலிருந்து ஊர்தியை ஆளும் கலை அங்கே தொடங்கிற்று. இன்றைய மாதிரி விமானங்கள் அதன் வழித்தோன்றல்களே.

விமானமும் இரு கம்பிகளும்

மாதிரி விமானத்தைத் தொலைதூரம் செலுத்த விழைவோர் சிலர் 433 மெகாஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண்ணைப் பயன்படுத்துகின்றனர். இதன் அலைநீளத்தைக் காண 300 என்னும் எண்ணை 433ஆல் வகுத்தால் போதும். ஏறத்தாழ 69 செ.மீ. கிடைக்கும். ஹெர்ட்ஸ் எதிரொளிப்பானில் செலுத்திய 66 செ.மீ. அலைக்கு இது எவ்வளவு நெருங்கியது என்பதை நோக்குக. நூற்றாண்டு கடந்த பின்னும் அவர் நின்ற இடத்திற்கு அருகிலேயே நிற்கின்றோம்.

ஆண்டெனாவின் மொத்த நீளம் அலைநீளத்தில் பாதி இருத்தல் வேண்டும். கம்பியின் கனத்தாலும் முனைகளின் விளைவாலும் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்துக் கொள்வர். ஆகவே மொத்தம் 33 செ.மீ.; ஒவ்வொரு கையும் 16.5 செ.மீ. அளவினது. செம்பு அல்லது பித்தளைக் கம்பித் துண்டுகள் இரண்டை ஒரே நேர்கோட்டில், ஒன்றையொன்று தொடாமல், பிளாஸ்டிக் துண்டில் பொருத்துவர். தொலைக்காட்சிக்குப் பயன்படுவது போன்ற, நடுவில் கம்பியும் சுற்றிலும் பின்னல் உறையும் கொண்ட கேபிளை எடுத்து, நடுக்கம்பியை ஒரு கையிலும் பின்னலை மறு கையிலும் பற்றவைப்பர். முதலில் சற்று நீளமாக வைத்து, அளவு கருவியைப் பார்த்துச் சிறிது சிறிதாக நறுக்கிச் சரிசெய்வர். நறுக்கியதை ஒட்ட இயலாது என்பதால் இதில் பொறுமை வேண்டும்.

இதன் இயல்புகளை ஹெர்ட்ஸே கண்டறிந்துள்ளார். கம்பியின் பக்கவாட்டில் அலை வலிமையாகப் பரவும்; கம்பியின் முனை நோக்கும் திசையிலோ பரவாது. ஆகவே ஆண்டெனாவின் முனையை விமானத்தை நோக்கிக் குறிபார்ப்பது பெரும்பிழை. செலுத்தும் கம்பி செங்குத்தாக நின்றால் விமானத்தில் உள்ள கம்பியும் செங்குத்தாக இருத்தல் நலம். விமானம் வளைந்து திரும்புகையில் அக்கம்பி கிடையாகச் சாய்ந்தால் தொடர்பு நலியும். கார்ல்ஸ்ரூ மண்டபத்தில் கருவியைத் திருப்பியதும் பொறி மறைந்த அதே விளைவு இது. இதனால்தான் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு ஆண்டெனாக்களை விமானத்தில் அமைக்கின்றனர். தொலைவு இரு மடங்கானால் வந்து சேரும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பதால் இச்சிறு கவனங்கள் யாவும் இன்றியமையாதன. எந்த அதிர்வெண்ணை எவ்வளவு ஆற்றலில் பயன்படுத்தலாம் என்பதை அந்தந்த நாட்டு அரசு வகுத்துள்ளது. அவ்விதியை அறிந்து நடத்தல் கடமை. கட்டுப்பாடு இழந்த விமானம் யார் தலையில் விழும் என்று எவரும் அறியார்.

பெயரை அழிக்க முயன்ற காலம்

அதிர்வெண்ணின் அலகுக்கு 1930இல் ஹெர்ட்ஸ் என்று பெயர் சூட்டினர். ஆயின் சில ஆண்டுகளிலேயே ஜெர்மனியில் நாஜிகளின் ஆட்சி வந்தது. முன்னோர் யூதர் என்னும் ஒரே காரணத்தால், பிறந்த நகராகிய ஹாம்பர்கின் நகர மன்றத்திலிருந்து அவர் உருவப்படம் அகற்றப்பட்டது. உயிரியல் ஆய்வாளராக உயர்ந்திருந்த மகள் மத்தில்டே கற்பிக்கும் உரிமையை இழந்தார். 1930களில் மனைவியும் மக்களும் தாய்நாட்டைத் துறந்து இங்கிலாந்து சென்று வாழ நேர்ந்தது. பானில் ஹெர்ட்ஸின் உதவியாளராக இருந்து, அவருடைய இறுதி நூலை அச்சேற்றிய லெனார்டு, பின்னாளில் அந்த இனவெறிக்கே துணை நின்றார் என்பது வரலாற்றின் கொடுமை.

படத்தைச் சுவரிலிருந்து கழற்றலாம். அலையைக் காற்றிலிருந்து கழற்ற இயலுமா? தம் வெறுப்புரைகளை நாடெங்கும் பரப்ப அவ்வாட்சியினர் நம்பியிருந்த வானொலியே ஹெர்ட்ஸ் கண்ட அலைகளால் இயங்கியதுதான். அவ்வாட்சி 1945இல் அழிந்தது. 1960இல் அனைத்துலக அளவைகளின் மாநாடு ஹெர்ட்ஸ் என்னும் அலகை உறுதி செய்தது. இன்று வானொலி நிலையத்தின் எண்ணைச் சொல்லும் எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் இருக்க இயலாது.

முடிவுரை

ஹெர்ட்ஸுக்கு முன்னரே மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளைக் கற்றோர் இருந்தனர். மின்பொறியை எழுப்பத் தெரிந்த கைவினைஞரும் இருந்தனர். இரண்டும் ஒரு மனிதரிடத்தே கூடிய பொழுதுதான் உண்மை வெளிப்பட்டது. கணக்கு அவருக்கு எதைத் தேட வேண்டும் என்று கூறியது. கை அதனைத் தேடும் கருவியைத் தந்தது. தகட்டை வளைக்கவும் தண்டைக் கடையவும் கீலை வார்க்கவும் கூசாத பேராசிரியராக அவர் இருந்தமையால், உலகம் தன் செய்திகளைக் காற்றில் அனுப்பக் கற்றது.

நம் மாணவருள் கவிதை எழுதுவோர் உள்ளனர். ஆய்வேடு எழுதுவோர் உள்ளனர். அவர்களுள் ஒருவரேனும் விடுமுறையில் ஒரு கைத்தொழிலைக் கற்பாராயின் அதனைத் தாழ்வென்று எவரும் எண்ணலாகாது. பட்டறையில் உழைக்கும் இளைஞர் நூலகத்தின் வாயிலில் வந்து நின்றால், கதவைத் திறந்து வரவேற்பது கற்றோர் கடமை. ஹெர்ட்ஸ் அரபு பயின்ற மேசையும் கடைசல் பழகிய பொறியும் ஒரே வீட்டில்தான் இருந்தன. நம் வீடுகளிலும் அவை இரண்டும் ஒருங்கே இடம்பெறும் நாளே கல்வி முழுமை எய்தும் நாள் எனத் துணியலாம்.